ஒரு பேய்ப்படமும் இரண்டு காட்சிகளும்

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். என்னையும் உங்கள் வட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொண்டீர்கள், சந்தோசம். ஆனால் நான்கு நாட்களாக என் போனுக்கு ஓய்வில்லை. அடுத்த வாரமும் எந்தப் பேய்ப்படத்தைப் பெரிய திரையில் வைத்திருப்பது என்று வாதாடி அடிபடுகிறீர்கள். ஒருவர் ‘உயிர் போட்டுது’ என்று எழுதுகிறார். அதே படத்துக்கு இன்னொருவர் ‘நல்ல நித்திரை’ என்று எழுதுகிறார். கடைசியில், “ஐயா, இவ்வளவு காலம் படம் ஓட்டுற ஒப்பரேட்டரா இருந்தனீங்கள். நீங்களே சொல்லுங்கோ, எது நல்ல படம்?” என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லுகிற தகுதி எனக்கு ஏன் இல்லாமற் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். மெஷின் விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்கள் என்னைவிடக் கெதியாகப் பழகிவிடுவீர்கள்.

நான் பேர் எடுத்ததே ஒரு பிழையால்தான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பேய்ப்படத்தின் மத்தியானக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒப்பரேட்டர் அறையில் பிளேன்ரீக் கோப்பையை வைக்க இடம் தேடும்போது என் முழங்கை சத்தத்தைக் கூட்டுகிற குமிழில் பட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கதவு சாத்தியது. இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். நான் பதறிப்போய்க் குறைக்கிறேன். கீழே ஹோல் முழுக்க அலறுகிறது, பிறகு சிரிக்கிறது, பிறகு கைதட்டுகிறது. வெளியே வந்தவர்கள் “படம் வெடி” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். முதல்நாள் அதே படத்தைப் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதை நான் கண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அதை வழக்கமாகவே ஆக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை படத்தை ஒருமுறை தனியாகப் போட்டுப் பார்ப்பேன். எங்கெங்கே சனம் துள்ளவேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொள்வேன். வெள்ளி மத்தியானம் குமிழில் கையை வைத்தபடி காத்திருந்து, அந்தந்த இடத்தில் சரியாக ஏற்றுவேன். முதலாளிக்குத் தெரியும், சிரித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டரைக் காட்சிக்குச் சனம் கூடியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் என்னையும் ஒரு கலைஞன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறரைக் காட்சி மற்ற ஒப்பரேட்டருடையது. ஆள் சரியான முசுடு. குமிழைத் தொடவே மாட்டார். ஏன் என்று கேட்டால், “படம் எடுத்தவனுக்கும் காது இருக்குத்தானே” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. உண்மையைச் சொன்னால், அவருக்குச் சனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் உள்ளுக்குள் அவரைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தியேட்டருக்குப் பேய்ப்படம் என்றால் தவறாமல் வருகிற இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அன்ரன், குருநகர் கடற்தொழிலாளி. தனி வள்ளத்தில் போய் வலை போடுகிறவர். பின்னேரம் கடலுக்குப் போகவேண்டும் என்பதால் எப்போதும் மத்தியானக் காட்சிதான். மற்றவர் ஜெயந்தி ரீச்சர். திருநெல்வேலியில் இருக்கிறார், கணக்குப் படிப்பிக்கிறவர். பள்ளிக்கூடமும் ரியூசனும் முடிந்து ஆறரைக் காட்சிக்குத்தான் வருவார். கடைசி வரிசையில் ஓர் ஓரமாக இருந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு பேய்ப்படம் பார்ப்பார்.

இருவரும் சந்திப்பது சனிக்கிழமைக் காலைகளில். அடுத்த படம் என்ன என்று கேட்க வருவார்கள். வந்தால் சண்டைதான். அன்ரன் “படம் வெடி” என்பார். ரீச்சர் “கதவு சாத்துறதுக்கெல்லாம் துள்ளினால் அது பயமில்லை, நரம்புத் தளர்ச்சி” என்பார். இன்னொரு படத்தை ரீச்சர் புகழ்ந்தால், “அதிலை என்ன கிடக்கு ரீச்சர்? சும்மா வெறும் சத்தந்தானே” என்று அன்ரன் கையை விரிப்பார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். படிப்பும் தொழிலும் வேறுவேறு, அதனால் ருசியும் வேறுவேறு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நீங்களும் இப்போது உங்கள் குழுவில் அப்படித்தான் ஆளுக்காள் விளக்கம் எழுதுகிறீர்கள்.

இனி நிரோஜாவின் படத்துக்கு வருகிறேன்.

நிரோஜா புத்தூர்ப் பிள்ளை. கம்பஸில் படிக்கும்போதே கமெராவைத் தூக்கியவள். மூன்று வருடம் பாடுபட்டு ஒரு முழுநீளப் பேய்ப்படம் எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தப் படம் யாழ்ப்பாணத்தைத் தாண்டாவிட்டால் கமெராவை வைத்துவிட்டு வேலைக்குப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு காட்சிகளையும் அவளுக்குக் கொடுத்தார். கொழும்பில் இருந்து ஒரு விநியோகஸ்தர் வந்து மத்தியானக் காட்சியைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் கொழும்பிலும் கிழக்கிலும் மூன்று தியேட்டர்களில் போடுவார்.

வழக்கம்போல வியாழக்கிழமை படத்தைப் போட்டுப் பார்த்தேன். வெங்காயத் தோட்டத்துக்குத் தனியாகத் தண்ணீர் இறைக்கிற ஒரு பெண்ணின் கதை. ஒவ்வொரு நாளும் விடிய அவள் வரும்போது கிணற்றுக்கட்டு ஏற்கனவே நனைந்திருக்கிறது. யாரோ இறைத்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை காட்டுவதில்லை. படத்தின் நடுவில் ஓர் இடம். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, கிணற்றுக்குள் விட்டிருந்த கயிறு தானாக மேலே வருகிறது. சில்வண்டுச் சத்தம்கூட நின்றுவிடுகிறது. நெடுநேரத்துக்குப் பிறகு வாளி வந்து கிணற்றுக்கட்டில் முட்டுகிறது. கேட்டும் கேளாததுமாக ஒரு சின்ன ‘டொக்’. அவ்வளவுதான்.

எனக்குப் பயம் வந்தது. படத்தைப் பார்த்து வந்த பயம் அல்ல, மத்தியானக் காட்சியை நினைத்து வந்த பயம். இவ்வளவு அமைதியாக இருந்தால் பெடியள் ‘ஊ’ என்று கூக்காட்டுவார்கள், கொழும்புக்காரர் எழுந்து போய்விடுவார், பிள்ளையின் மூன்று வருடமும் வீணாகப் போகும் என்று நினைத்தேன். துண்டுக் கடதாசியை எடுத்தேன். ஏழு இடங்கள் குறித்தேன். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. உதவி செய்கிறேன் என்று நினைக்கிறவனுக்குக் கேட்கவேண்டும் என்று தோன்றுவதே இல்லை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி மத்தியானம் ஹோல் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அன்ரன் வழக்கமான இடத்தில் இருந்தார். ஜெயந்தி ரீச்சரும் அன்றைக்கு மத்தியானமே வந்திருந்தார். நிரோஜா அவரிடம் படித்த பிள்ளை, அதற்காக லீவு போட்டிருந்தார். நிரோஜா மட்டும் உள்ளே வரவில்லை. தன் படத்தை இருந்து பார்க்க நெஞ்சு தாங்காது என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கயிறு மேலே வந்தது. நான் குமிழை முழுதாக ஏற்றினேன். வாளி கிணற்றுக்கட்டில் முட்டியது தகரக் கூரையில் தேங்காய் விழுந்ததுபோலக் கேட்டது. ஹோல் அலறியது. யாரோ சோடாப் போத்தலைக் கீழே போட்டுவிட்டார்கள். பிறகு ஒரே சிரிப்பும் கைதட்டலும். நான் மேலே இருந்து பெருமைப்பட்டேன்.

படம் முடிந்து கீழே இறங்கி வரும்போது கொழும்புக்காரர் நிரோஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். “அந்த வாளி சீன் இருக்கே, அதுதான் படம். நான் துள்ளிட்டேன். மூணு இடத்திலயும் போடுவம்” என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்ரனும் வந்து, “தங்கச்சி, எங்கடை ஊர்ப்படம் எண்டு நம்பேலாமல் கிடக்கு. வெடி!” என்றார்.

ரீச்சர் கடைசியாக வந்தார். முகம் சரியில்லை. “நீயும் உந்த மலிவு வேலையைத்தான் செய்வாய் எண்டு நான் நினைக்கேல்லைப் பிள்ளை” என்றார். “அவ்வளவு வடிவாக் கட்டிக்கொண்டு வந்திட்டு, ஏன் அந்த வாளியைப் போட்டு இடிச்சனி?”

நிரோஜா விழித்தாள். “இடிச்சதோ? ரீச்சர், அது கேட்டும் கேளாத மாதிரியெல்லே வச்சனான்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அங்கிள், படக் கொப்பியிலை ஏதும் பிழையோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “கொப்பி சரி பிள்ளை” என்றேன். அது பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை அதுதான். சொல்லிவிட்டு, வேலை இருக்கிறதுபோல மேலே ஏறிப்போய்விட்டேன்.

அறையில் இருந்து யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு மூன்று தியேட்டர் கிடைக்கும், கமெரா கையில் நிற்கும். ஆனால் அங்கே போடும்போது அந்தச் சத்தம் இருக்காது. மூன்று ஊரிலும் சனம் கொட்டாவி விடும், ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்காது. அதைவிட, மதிப்பு வைத்திருந்த ரீச்சரின் வாயால், செய்யாத ஒன்றுக்கு ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். மற்ற ஒப்பரேட்டர் ஆறரைக் காட்சிக்கு வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், மேசையில் கிடந்த கடதாசியைப் பார்த்தார். கடதாசியை நாலாக மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இறங்கிப் போய் நிரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“பிள்ளை, சத்தத்தைக் கூட்டினது நான். ஏழு இடத்திலை.”

“ஏன் அங்கிள்?”

“பெடியள் கூக்காட்டிப்போடுவாங்கள் எண்டு பயந்திட்டன்.”

“சொல்லாமல் விட்டிருக்கலாமே” என்றாள். “அந்தாள் ஓம் எண்டிட்டார். ரீச்சரின்ரை ஏச்சோடை நான் சமாளிச்சிருப்பன். இப்ப புகழும் ஏச்சும் ரெண்டுமே என்ரை இல்லை எண்டு ஆகிப்போச்சு.”

சொல்லிவிட்டால் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நெஞ்சுப் பாரத்தை இறக்கியவன் நான், அதைத் தூக்கவேண்டி வந்தது அவளுக்கு. பிழையை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்புக்கொண்டதற்காக யாரும் உங்களுக்கு மாலை போடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

“அவரிட்டையும் நீங்களே சொல்லுங்கோ” என்றாள். எதிர்த் தேநீர்க் கடையின் வாங்குப் பலகையில் கொழும்புக்காரர், ரீச்சர், அன்ரன் மூவரும் இருந்தார்கள். அன்று காற்று என்று அன்ரன் கடலுக்குப் போகவில்லை. மூவருக்கும் முன்னால் நின்று சொன்னேன்.

கொழும்புக்காரர் தோளைக் குலுக்கினார். “அப்ப இன்னும் லேசு. அந்தச் சத்தத்தைப் படத்துக்குள்ளயே ஏத்தித் தாங்க தங்கச்சி. ஒரு நாள் வேலை. மூணு தியேட்டர் என்றது மாறாது.”

ரீச்சருக்கு வேறு கணக்கு ஓடியது. “அண்ணை, உங்கடை உந்த வேலை எத்தினை வருஷமா நடக்குது?”

“கனகாலம் ரீச்சர். மத்தியானக் காட்சிக்கு மட்டும்.”

ரீச்சர் அன்ரனைப் பார்த்தார். அன்ரன் ரீச்சரைப் பார்த்தார். “அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் அடிபட்டது ஒரே படத்துக்கில்லையோ?” என்று அன்ரன் மெல்லக் கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது.

நிரோஜா கொழும்புக்காரரிடம், “சேர், ஆறரைக் காட்சியையும் இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகு நான் பதில் சொல்லுறன்” என்றாள். மற்ற இருவரையும் இருக்கச் சொன்னாள். இந்த முறை தானும் உள்ளே போனாள். நானும் போனேன். மேலே நான் இல்லாமல், கீழே கதிரையில் இருந்து ஒரு பேய்ப்படம் பார்த்தது அன்றைக்குத்தான்.

கயிறு மேலே வரத்தொடங்கியது. ஒரு பெடியன் கூக்காட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள். கொழும்புக்காரர் போனை எடுத்து நேரம் பார்த்தார். கயிறு வந்துகொண்டே இருந்தது. சிரித்தவர்கள் ஓய்ந்தார்கள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வாளி கிணற்றுக்கட்டில் முட்டிய ‘டொக்’ எனக்குக் கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று இப்போதும் தெரியாது. இரண்டு வரிசை முன்னால் அன்ரன் “யேசுவே” என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

வெளிச்சம் வந்த பிறகு எல்லோரும் ஓரிடத்தில் கூடினார்கள். அன்ரன் மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. நாங்கள்தான் அவரிடம் போனோம்.

“ரீச்சர், இப்ப சொல்லுங்கோ” என்றாள் நிரோஜா.

“நல்ல படம். கணக்குப் பிசகாமல் செய்திருக்கிறாய். கடைசிக் கால்மணித்தியாலம் கொஞ்சம் நீண்டுபோச்சு” என்றார் ரீச்சர்.

“பயந்தனீங்களோ?”

ரீச்சர் யோசித்தார். “இல்லைப் பிள்ளை. நான் பயப்பிடுறதுக்குப் பேய்ப்படம் பாக்கிறேல்லை. எப்பிடிச் செய்திருக்கினம் எண்டு பாக்கத்தான் வாறனான்.”

இவ்வளவு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

“அன்ரன் அண்ணை, உங்களுக்கு?”

“கூடாத படம் தங்கச்சி” என்றார் அன்ரன். பகிடியாகச் சொல்லவில்லை. “மத்தியானம் பாத்ததுதான் நல்ல படம். பயந்தனான், சிரிச்சனான், வெளியாலை வந்தனான், முடிஞ்சுது. உது முடியேல்லை. கடலிலை சத்தம் கேட்டால் எனக்குப் பயமில்லை, என்னவோ கிடக்கு எண்டு தெரியும். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இருக்கேக்கை ஒண்டும் கேக்காது பாருங்கோ, அதை மறக்கத்தான் நான் இஞ்சை வாறனான். நாளைக்கு நான் எப்பிடித் தனிய வள்ளத்திலை போறது?”

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. அவர்களுடைய சண்டையில் பாதிக்குக் காரணம் என் குமிழ். அந்தப் பாதியை எடுத்துவிட்டு, ஒரே ஹோலில் ஒரே காட்சியை இருவருக்கும் காட்டிய பிறகும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. பயப்படாத ரீச்சருக்கு அது நல்ல படம். பயந்துபோன அன்ரனுக்கு அது கூடாத படம். கொழும்புக்காரருக்கோ, துள்ளாவிட்டால் அது படமே இல்லை. ‘நல்லது’ என்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று பேர் மூன்று சாமானை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தியேட்டருக்கு எதைத் தேடி வருகிறார்கள், எதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்று தெரியாமல் யாருடைய தீர்ப்பையும் தூக்கிப் பிடிக்காதீர்கள். பெரிய திரையில் எதைப் போடுவது என்று நீங்கள் முடிவெடுக்கத்தான் வேண்டும், அது உங்கள் வேலை. ஆனால் யாருக்காகப் போடுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, குமிழைத் தொடாதீர்கள்.

கொழும்புக்காரர் பொறுமையாகத்தான் நின்றார், நல்ல மனிதர். “என்ன தங்கச்சி, சத்தத்தை ஏத்தித் தாறீங்களா?” என்று கேட்டார்.

நிரோஜா அன்ரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்தபடி இருந்தார்.

“இல்லை சேர். ஏத்தேலாது” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். மூன்று தியேட்டரும் அவரோடு போயின. நிரோஜா வீட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். இப்போது ஒரு கந்தோரில் கணக்கெழுதுகிற வேலை செய்கிறாள். சனி ஞாயிறுகளில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று ரீச்சர் சொல்கிறார். அது கதையா கணக்கா என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

அன்று வாசலில் நின்று அவளிடம் கேட்டேன். “பிள்ளை, என்னாலைதானே போச்சுது?”

ஆறுதலுக்காவது இல்லை என்பாள் என்று நினைத்தேன். “ஓம் அங்கிள், உங்களாலைதான்” என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது, இருக்கட்டும்.

அப்போது அன்ரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறவில்லை. வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்த ரீச்சருக்குக் கிட்டப் போனார்.

“ரீச்சர், நீங்கள் எந்தப் பக்கத்தாலை போறியள்?”

“திருநெல்வேலிக்கு வேறை எந்தப் பக்கத்தாலை போறது?”

“குருநகராலை சுத்திப் போனால் என்ன?”

ரீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சுடச்சுடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “நீங்கள் முன்னாலை மிதியுங்கோ. நான் லைற்றை அடிச்சுக்கொண்டு பின்னாலை வாறன்” என்றார்.

சைக்கிள் முன்னால் போக, ஸ்கூட்டி மெல்ல மெல்லப் பின்னால் போனது. நிரோஜா வாசல் படியில் இருந்துவிட்டாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த வெளிச்சம் சந்தியால் திரும்பும்வரை பார்த்தாள்.

“அங்கிள்,” என்றாள், “அவர் உண்மையாவே பயந்திட்டார்.”

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோசத்தை அவளுக்கு நான் கொடுக்கவில்லை, அதை அவளிடமிருந்து என்னால் எடுக்கவும் முடியவில்லை.